அந்த மூதூர்ப் பொம்புளை

“கையத் தூக்குங்க புள்ள” என்று றுக்கியா சொல்லும்போது அளவு நாடா இன்னும் அவருடைய கழுத்திலேதான் கிடக்கும். முதலில் விரல்கள். அக்குளுக்குள் ஒரு தடவை, மார்பின் ஓரமாக ஒரு தடவை, பிறகு மற்றப் பக்கம். வந்தவள் கூச்சத்தில் நெளிவாள். “ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இரிக்கிற ஆள் ஒலகத்தில இல்ல. கையால பாத்தாத்தான் சட்டை படியும்” என்பார். அதன் பிறகுதான் நாடா கழுத்தை விட்டு இறங்கும்.

திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டிய ஒழுங்கை ஒன்றில் அவருடைய வீடு. முன்னறையில் கால்மெஷின், அலுமாரி, ஆளுயரக் கண்ணாடி, ஒரேயொரு கதிரை. யன்னலுக்குத் தடித்த திரை. மற்றத் தையல்காரர்கள் பழைய சட்டை ஒன்றைக் கொடுத்தால் அதைப் பார்த்தே வெட்டிவிடுவார்கள். றுக்கியாவிடம் அளவுச் சட்டையை நீட்டிப் பாருங்கள், அப்படியே திரும்பி வரும். “சட்டைக்குத் தைக்கிறதா, ஒங்களுக்குத் தைக்கிறதா?” ஆள் நேரில் வர வேண்டும், கதவுக்குத் தாழ் போட வேண்டும். இந்தக் கெடுபிடி பொறுக்காமல் வேறிடம் போனவர்கள் உண்டு. சட்டையின் கழுத்து வெட்டை நினைத்து முக்கால்வாசிப் பேர் திரும்பி வந்துவிட்டார்கள்.

விரல்கள் தேடுவது எதை என்று அவருக்குத்தான் தெரியும். அறுபத்து மூன்றாம் ஆண்டு பெருநாளுக்குத் தனக்கென்று ஒரு சட்டை தைத்துப் போட்டுப் பார்த்தார். அளவெல்லாம் சரி, இடப்பக்கம் மட்டும் இழுத்தது. தையலைப் பிரித்துத் திரும்பத் தைத்தார், மறுபடியும் இழுத்தது. பிழை துணியில் இல்லை. கொழும்புக்கு ரெயிலேறிப்போய், மகரகம புற்றுநோய் ஆசுபத்திரியில் இடப்பக்க மார்பை எடுத்துவிட்டு வந்தார். அயலட்டைக்கு “வயித்தில கல்லு” என்று சொல்லியாயிற்று. அப்போது இளைய மகள் ஸுல்பிகாவுக்கு இரண்டு வயது. தாய்க்கு வந்தது மகளுக்கும் வரும் என்று நாளைக்குக் கலியாணப் பேச்சில் ஒரு வாய் சொன்னால் போதும், காரியம் கெட்டுவிடும். அந்தப் பயம் அவருக்கு நோயை விடப் பெரிதாக இருந்தது.

வெறுமையான பக்கத்துக்கு இலவம் பஞ்சை அடைத்து ஓர் உறை தைத்து வைத்துக்கொண்டார். அது வைத்த இடத்தில் நிற்கிற சாதியில்லை. தொழுகையில் ஸுஜூதுக்குக் குனிந்து எழும்பினால் கழுத்தெலும்புக்கு வந்து எட்டிப் பார்க்கும். பாரம் போன தோளும் நாளாக நாளாக மேலே ஏறிற்று. ஒருநாள் கணவர் அபூதாஹிர் முற்றத்தில் இருந்து வீச்சுவலையின் விளிம்பில் ஈயமணி கோத்துக்கொண்டிருந்தார். ஈயம் இல்லாத வலை தாழாது. றுக்கியா ஒரு மணியை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தார். அன்றைக்கே பஞ்சுக்கு நடுவில் ஒன்பது மணி வைத்து மூன்று மடிப்புத் துணியில் தைத்தார். ஒன்பது போதவில்லை. பதின்மூன்றாவது மணிக்குத் தோள் நேரானது. “வலை தாழ்ந்திட்டு” என்றார் கணவரிடம். அபூதாஹிர் மிச்ச மணிகளையும் மனைவியின் பக்கமாகத் தள்ளி வைத்தார்.

தன் கதையைச் சொல்லாமல் மற்றவர்களுக்கும் இந்த உறையைத் தைத்துக் கொடுக்கத் தொடங்கினார். அதற்குப் பிறகு கிண்ணியா, புல்மோட்டை என்று எங்கெங்கோ இருந்தெல்லாம் மார்பை எடுத்த பெண்கள் வருகிறார்கள். ஆசுபத்திரிக் கட்டிலுக்குக் கட்டில் போன கதைதான் காரணம். யாருக்கு எத்தனை மணி என்பது றுக்கியாவுக்கு மனப்பாடம். சிலருடைய பெயர் மறந்திருப்பார், மணிக்கணக்கு மறக்காது. முன்னறைச் சுவரில் தையல் சோக்கால் போட்ட கோடுகள் கொஞ்சம் இருக்கின்றன. வெட்டிய பக்கத்துக் கை இறுகிப்போகாமல் இருக்க, அதைச் சுவரில் வைத்து விரலால் ஏறச் சொல்வார். எட்டிய உயரத்தில் கோடு விழும். “போன கெழம இதில நிண்டீங்க. இண்டைக்கி இந்தா, நாலு விரல் மேல.” இந்தச் சுவரை மட்டும் அவர் வெள்ளையடிக்க விடுவதில்லை.

பெரியகடையில் இரும்புக்கடை வைத்திருக்கும் இராசதுரைக்கு இவை ஒன்றும் தெரியாது. “அக்கா, நீங்கள் வாங்கிற ஈயத்துக்குக் கொட்டியாரக் குடா முழுக்க ஒரே வீச்சில அள்ளலாம். உங்கட மனிசன்ர பறியில பாத்தா ரெண்டு மணலைதான் கிடக்கு!” என்று பகிடி விடுவார். “மீனுக்கு நசீபு நல்லா இரிக்கி” என்று சொல்லி, பொட்டலத்தைச் சீலைத் தலைப்பில் முடிந்துகொண்டு றுக்கியா நடையைக் கட்டுவார்.

விரலுக்குக் கட்டி தட்டுப்பட்டால் சுற்றி வளைக்கிற கதை கிடையாது. “நான் டொக்டரில்ல, தையல்காரி. நாளைக்கே போய்க் காட்டுங்க.” துணைக்கு ஆளில்லை என்றால் தானே கொழும்பு மெயிலில் கூடப் போவார். ஆசுபத்திரியில் எந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தால் முதலில் கூப்பிடுவார்கள் என்பதுவரை அவருக்கு அத்துப்படி. வெட்டினால் செத்துப்போவோம் என்று அழுகிறவர்களுக்குச் சொல்ல ஒரு கதை வைத்திருக்கிறார்.

“எங்கட மூதூர்ல ஒரு பொம்புளை. வெட்டிப் பதினாறு வருசம். கெணத்தில தண்ணி அள்ளுறா, உரல்ல மா இடிக்கிறா. ஒரு கொறையுமில்ல.”

அந்தப் பொம்புளை அவரேதான். பிறந்த ஊர் மூதூர் என்பதால் பொய் சொன்ன பாவமும் இல்லை. இந்தக் கதையை நம்பிக் கொழும்புக்குப் போய்ப் பிழைத்தவர்கள் ஒன்பது பேராவது இருப்பார்கள். அவர்களும் அவரைப் போலவே வெளியே மூச்சுவிடுவதில்லை.

நம்பாதவள் ஜெமீலா. பக்கத்து ஒழுங்கைக்காரி, அளவெடுக்கையில் கட்டி தட்டுப்பட்டவள். “அவவ ஒருக்காக் காட்டுங்க ராத்தா. கண்ணால கண்டா நான் போறன்” என்றாள். ஒருநாள் லோஞ்சில் குடாவைத் தாண்டி மூதூருக்குக் கூட்டிப்போய்க் காட்டுவதாக றுக்கியா சொன்னார். அடுத்த கிழமை, அடுத்த மாதம் என்று இழுத்தடித்தார். ஜெமீலா எண்ணெயும் பச்சிலைப் பத்துமாக எட்டு மாதம் போக்கிவிட்டு, புண்ணான பிறகு ரெயிலேறினாள். போன நோன்பில் மௌத்தானாள். அவளுக்கு வெட்டிய நீலச் சட்டை, கை பூட்டாமல், இன்னும் அலுமாரியின் நடுத்தட்டில் இருக்கிறது. “நான் ஒளிச்சு வெச்ச பொம்புளையாலதான் அவ போனா” என்று றுக்கியா கணவரிடம் ஒரே ஒரு தடவை சொன்னார்.

போன செவ்வாய்க்கிழமை லிங்கநகரிலிருந்து அன்னலட்சுமி வந்தார். துறைமுகக் கந்தோர்க் கிளாக்கரின் மனைவி. தம்பியின் கலியாணத்துக்குப் பட்டுச் சட்டை தைக்க வேண்டும். கையைத் தூக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த றுக்கியாவின் விரல்கள் வலப்பக்கத்தில் ஓரிடத்தில் நின்றுவிட்டன.

“தெரியும் அக்கா” என்றார் அன்னலட்சுமி. “நாலு மாசமா இருக்கு. ஒருத்தருக்கும் சொல்லேல்லை.”

“நாளைக்கே போவம். நான் கூட வாறன்.”

“என்னால ஏலாது. எங்கட பெரியம்மாவையும் இப்பிடித்தான் வெட்டக் கொண்டுபோனவை. பெட்டியிலதான் வந்தவ.”

“எங்கட மூதூர்ல ஒரு பொம்புளை...”

“அந்தக் கதை நானும் கேட்டனான்.” அன்னலட்சுமி சேலையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். “ஊர் முழுக்க அவவின்ர கதைதான். கண்டதெண்டு ஒரு ஆளைக் காணேல்லை. ஆறுதலுக்குச் சொல்லுறியள், எனக்கு விளங்குது. உண்மையா இருந்தா அவவைக் காட்டுங்கோ அக்கா. இண்டைக்கே வெளிக்கிடுறன்.”

குசினிக்குள் ஸுல்பிகா தேங்காய் துருவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. வருகிற வெள்ளிக்கிழமை அவளைப் பெண் பார்க்கக் கிண்ணியாவிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். காலையில் லிங்கநகரில் சொன்ன கதை பின்னேரத்துக்குள் பெரியகடைக்கு வந்துவிடும், அங்கேயிருந்து கிண்ணியாவுக்கு ஒரு துறை தாண்டினால் போதும். றுக்கியா குசினிப் பக்கம் பார்த்தார். பிறகு அலுமாரியைப் பார்த்தார்.

கதவுத் தாழை இன்னொரு தடவை அழுத்திச் சரிபார்த்தார். முந்தானையை விலக்கி, சட்டையின் மேல் கொக்கி இரண்டைக் கழற்றினார். உள்ளே கையை விட்டுப் பதின்மூன்று மணி உறையை வெளியே எடுத்தார். சட்டையின் இடப்பக்கம் தொய்ந்து விழுந்தது. உடம்புச் சூடு ஆறாத அந்த உறையை அன்னலட்சுமியின் உள்ளங்கையில் வைத்து, அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக அதன் மேல் மடித்துவிட்டார்.