அஞ்சு இருந்தா வரிசை

எங்கள் குடும்பத்தில் யாருடைய கல்யாணப் பேச்சு சிக்கலானாலும், இன்றைக்கும் ஒரு பெரியவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "பொம்பளப் புள்ளைங்க கையில சீட்டுக்கட்டக் குடுத்தா இப்படித்தான் ஆவும்" என்பார். சொல்லும்போது அவர் பார்வை என் மேல் வந்து நிற்கும். சம்பவம் நடந்தபோது எனக்கு எட்டு வயது. முன்பல் இரண்டு இல்லை. ஒரு குடும்பத்தின் கௌரவத்தைக் கவிழ்க்க அந்த வயதும் அந்தப் பல்லும் போதும் என்று அவர்கள் நம்பினால் நம்பட்டும். மன்னிப்புக் கேட்கும் உத்தேசம் எனக்கு இல்லை. வேண்டுமானால் இன்னொரு தடவை சீட்டைக் கலைத்துப் போடத் தயார்.

அந்த வருஷம் ஐப்பசி மழை விட்டபாடில்லை. சிதம்பரத்தில் எங்கள் தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். கடலூருக்குப் பஸ் இல்லை, வீட்டில் கரண்ட் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. கடைசியாகச் சொன்னது ஒன்றுதான் எனக்கு முக்கியம்.

வீட்டுக்கு மூத்தவர் பெரியப்பா. ரம்மியில் அவரை ஜெயிக்க எங்கள் வட்டாரத்தில் ஆள் இல்லை என்பது அவருடைய கருத்து. அவர் கூட்டாளிகள் அத்தனை பேரையும் மழை அவரவர் வீட்டில் அடைத்துவிட்டது. மிஞ்சியவர்கள் என் அப்பாவும், குறிஞ்சிப்பாடியிலிருந்து வந்து மழையில் மாட்டிக்கொண்ட சித்தப்பாவும்தான். மூன்று பேர் ஆடும் ரம்மி சுவைக்கவில்லை. ஆகவே அத்தையை ஆட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். சாதாரண நாளில் பெண்கள் சீட்டைத் தொட்டாலே பெரியம்மா கத்துவார். மழைக்கு அந்தச் சலுகை.

அத்தை இவர்கள் மூவருக்கும் கடைசித் தங்கை; அவர்கள் வாயில் இன்னும் 'பாப்பா'தான். கடலூரில் ஒரு ஆபீஸில் வேலை. தினமும் பஸ்ஸில் போய்வருவார்.

"வரேன். ஆனா நான் சொல்ற ஆட்டம்தான் ஆடணும். போக்கர்" என்றார் அத்தை.

"அத எங்க கத்துக்கிட்ட?" என்றார் அப்பா.

"ஆபீஸ்ல."

ஆபீஸில் இல்லை என்பது என்னைத் தவிர எல்லோருக்கும் தெரியும். கூட வேலை பார்த்தவர் ஒருவரின் அண்ணன் கப்பல் வேலைக்குப் போய் அந்த ஆட்டத்தைக் கொண்டுவந்திருந்தார். கடலூர் முதுநகரில் அவர்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து, பிரியாணி சாப்பிட்டுவிட்டு, குடும்பமே உட்கார்ந்து ஆடும். அந்தக் கூட வேலை பார்த்தவரைத்தான் கட்டிக்கொள்வேன் என்று அத்தை ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். முடியாது என்று பெரியப்பாவும் அதே ஒரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பையன் நல்லவன்தான், குடும்பமும் தங்கமான குடும்பம்தான், ஆனால் வேதக்காரங்க. நம் ஆட்கள் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பதுதான் அவர் கட்சி. அந்த நாலு பேருக்காக அவரே நெல்லிக்குப்பத்தில் ஒரு மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார். டிராக்டர் மேல் ஒரு காலை வைத்தபடி மாப்பிள்ளை எடுத்துக்கொண்ட போட்டோ சாமி படத்துக்குப் பக்கத்தில் செருகியிருந்தது. போட்டோவில் டிராக்டர் நன்றாக விழுந்திருந்தது.

ஆளுக்கு இரண்டு சீட்டு கவிழ்த்துப் போடுவார்கள். நடுவில் ஐந்து சீட்டு எல்லோருக்கும் பொதுவாகத் திறந்து கிடக்கும். கையில் இருப்பதையும் நடுவில் இருப்பதையும் சேர்த்து நல்லதாக ஐந்து யாருக்கு அமைகிறதோ அவர்களுக்கு ஜெயம். பந்தயத்துக்கு முதலில் வறுத்த வேர்க்கடலை வைத்தார்கள். பெரியப்பா பந்தயத்தைத் தின்றுவிட்டார். பிறகு சித்தப்பா தோப்பிலிருந்து வந்திருந்த முந்திரிக்கொட்டையை வைத்தார்கள். ஓட்டோடு இருக்கும் கொட்டையை வாயில் போட்டால் உதடு வெந்துவிடும் என்பதால் ஆட்டம் நேர்மையாக நடந்தது. ஐந்தாவது கைக்கு ஆள் வேண்டும் என்று என்னையும் உட்கார வைத்தார் அத்தை.

முதல் நாளிலேயே ஒரு விசித்திரம் தெரிந்தது. மூன்று ரம்மிப் புலிகளும் அத்தையிடம் வரிசையாகத் தோற்றார்கள். வரிசையில்தான் தோற்றார்கள். ரம்மியில் வரிசை என்றால் ஒரே சின்னமாக இருக்க வேண்டும். இஸ்பேட்டுக்குப் பக்கத்தில் இஸ்பேட்டுதான் உட்காரலாம். இந்த ஆட்டத்தில் அந்தக் கட்டுப்பாடு கிடையாது. இஸ்பேட், ஆட்டின், டைமன், கிளாவர் எது வந்தாலும் நம்பர் அடுத்தடுத்து இருந்தால் வரிசைதான். முப்பது வருஷம் ரம்மி பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது ஏறவே இல்லை. நடுவில் எட்டும் பத்தும் ஜாக்கியும் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். பெரியப்பா ஜோடி தேடிக்கொண்டிருப்பார்.

"இது என்னாடி வரிச? ஒண்ணு செவப்பு, ஒண்ணு கருப்பு. கூட்டத்துல வழிதவறி வந்த மாரி நிக்கிதுங்க" என்பார்.

"நம்பரப் பாருங்கண்ணே. கலரப் பாக்காதீங்க."

எனக்கு ரம்மி தெரியாது. கெட்டுப்போக என் கண்ணுக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. தவிர, வாயில் இரண்டு பல் இல்லாதவளுக்கு இடைவெளி பார்ப்பது இயல்பாக வந்தது. நடுவில் கிடப்பதைச் சின்னதிலிருந்து பெரிதாக மனசுக்குள் அடுக்குவேன். நாக்கு தானாகப் பல் போன இடத்தைத் தொடும். இங்கே ஒன்று காணோம், அங்கே ஒன்று காணோம் என்று தெரிந்துவிடும். காணாமல் போனது யார் கையிலாவது இருந்தால் வரிசை. பிற்காலத்தில் கணக்கில் நான் வாங்கிய மார்க்கை வைத்துப் பார்த்தால், என் அறிவு உச்சத்தில் இருந்தது அந்த மழை வாரத்தில்தான்.

விஷயத்தைக் கண்டுபிடித்த பெரியப்பா என்னைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்துக்கொண்டார். ஒவ்வொரு ஆட்டத்திலும், "ஏ குட்டி, வரிச வருமா?" என்பார். நான் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி தீர்ப்புச் சொல்வேன். "வராது." அல்லது, "வரலாம், பத்து இருந்தா." அரசவையில் சோசியம் சொல்கிறவளின் மிதப்பு எனக்கு. பெரியம்மா சமையலறையிலிருந்து, "பொட்டப்புள்ளைய நல்லா வளக்குறீங்க" என்று குரல் கொடுத்தபோது, "நீ வேணா வந்து பாரேன், உனக்கும் தெரியாது" என்று பதில் சொன்னேன். முதுகில் ஒன்று விழுந்தது. தீர்ப்பை நிறுத்தவில்லை.

பெரியப்பாவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். வீட்டில் அவர் கொடுக்கும் வாக்கு காற்றோடு போகும். சினிமாவுக்குக் கூட்டிப் போகிறேன் என்று எனக்குக் கொடுத்த வாக்கு இன்னும் நிலுவையில் இருக்கிறது. ஆனால் சீட்டு மேல் கொடுத்த வாக்கை அவர் மீறியதில்லை. ஒருமுறை ரம்மியில் தோற்று, சொன்னபடி மீசையை எடுத்துவிட்டு, கல்யாண வீட்டுக்குத் துண்டால் வாயை மூடிக்கொண்டு வந்தவர். சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் இது தெரியும்.

கடைசி நாள் மதியம் வானம் கொஞ்சம் வெளுத்திருந்தது. பஸ் விட்டுவிட்டார்கள் என்று சேதி வந்தது. மழை விட்டதும் நெல்லிக்குப்பத்துக்காரர்கள் பூ வைக்க வருவதாக ஏற்பாடு. இது கடைசி ஆட்டம் என்று பெரியப்பா சீட்டைப் போட்டார்.

நடுவில் முதலில் திறந்தவை இஸ்பேட் மூணு, கிளாவர் ஏழு, டைமன் ராஜா. அப்பா இந்தக் கை வேண்டாமென்று சீட்டைக் கவிழ்த்து, ரம்மி பாஷையில் 'ஸ்கூட்' விட்டுவிட்டார். அடுத்து ஆட்டின் நாலு. சித்தப்பாவும் நானும் கவிழ்த்தோம். கடைசியாக டைமன் ஆறு. மீதி நின்றது அண்ணனும் தங்கையும்.

அத்தை தன்னிடம் இருந்த கொட்டை மொத்தத்தையும் இரண்டு கையாலும் நடுவில் தள்ளினார். பிறகு எழுந்து போய் நெல்லிக்குப்பத்து டிராக்டரை எடுத்து வந்து கொட்டைக் குவியலின் மேல் வைத்தார்.

"என்னாடி இது?"

"என்கிட்ட இதுக்கு மேல கொட்ட இல்லண்ணே. என்னையே வெக்கிறேன். நான் தோத்தா, இந்த ஆளுக்கே கழுத்த நீட்டுறேன். வாயத் தொறக்க மாட்டேன். நான் ஜெயிச்சா, நீங்க நேர்ல முதுநகர் போயி அவுங்க அப்பாகிட்டப் பேசணும்."

"பைத்தியமா உனக்கு? வெளையாட்டுல வெக்கிற விஷயமா இது?"

"வேற எதுல வெச்சாலும் நீங்க மதிக்க மாட்டீங்களே."

அப்பா கூரையைப் பார்த்தார். சித்தப்பா, "பாப்பா, வேணாம்மா" என்று முனகினார். சமையலறையில் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது.

"ஸ்கூட் விட்டாலும் தோல்விதான். சொல்லிட்டேன்" என்றார் அத்தை. குரல் கெட்டியாக இருந்தது. கவிழ்த்த சீட்டை மட்டும் விரலால் பாயோடு அழுத்திப் பிடித்திருந்தார்.

பெரியப்பா தன் சீட்டு இரண்டையும் லேசாகத் தூக்கிப் பார்த்தார். நடுவில் கிடந்ததைப் பார்த்தார். அத்தையை ரொம்ப நேரம் பார்த்தார். "சரி, வெச்சது வெச்சதுதான்" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "ஏ குட்டி, வரிச வருமா?" என்றார்.

நான் அடுக்கிப் பார்த்தேன். மூணு, நாலு, ஆறு, ஏழு. நாக்கு பல் போன இடத்தைத் தொட்டது. என் தொழில் வாழ்க்கையின் மகத்தான தருணம்! அவர் மூக்குக்கு நேராக ஐந்து விரலையும் விரித்துக் கத்தினேன்: "வரலாம்! அஞ்சு இருந்தா வரிச!"

"அஞ்சா?"

"அஞ்சு பெரியப்பா! அஞ்சு!"

பெரியப்பா தலையை ஆட்டினார். "அப்ப பாப்பா கையில அஞ்சு இருக்குது. குட்டி சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று பெருமூச்சு விட்டு, தன் சீட்டை அடிக்கட்டுக்குள் செருகினார். "ஸ்கூட்."

அத்தை தன் சீட்டைக் காட்டாமலே கட்டோடு கலந்துவிட்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போனார்.

சீட்டைச் சேர்த்து அடுக்குவது என் வேலை. அடிக்கட்டில் பெரியப்பா செருகிய இரண்டும் நீட்டிக்கொண்டிருந்தன. உருவிப் பார்த்தேன். ஆட்டின் அஞ்சு. இஸ்பேட் எட்டு.

எனக்கு ரத்தம் கொதித்தது. ஒரு வாரமாகத் தொண்டை கிழியச் சொல்லிக் கொடுத்து என்ன பிரயோஜனம்? "பெரியப்பா! அஞ்சு உங்க கையிலதான் இருந்துச்சு! நாலு, அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு! உங்கள யாராலும் ஜெயிச்சிருக்க முடியாது!" என்று கத்திக்கொண்டே பாயில் ஐந்தையும் அடுக்கி, ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டினேன்.

பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். "அடடே. ஆமாம்ல" என்றார். "கலர் கலரா இருந்துச்சா, எனக்கு வரிசையாவே தெரியல பாரு."

சித்தப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்பாவும் சிரித்தார். அடுப்படியிலிருந்து வந்த பெரியம்மா மட்டும் பாயில் கிடந்த வரிசையையும் பெரியப்பாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நெல்லிக்குப்பத்துப் போட்டோவை எடுத்து முந்திரிக்கொட்டைக் கூடைக்கு அடியில் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாளே பெரியப்பா வெள்ளை வேட்டி கட்டி முதுநகர் போனார். மங்கலம்பேட்டையிலிருந்து எதிர்த்துக் கேட்க வந்த சொந்தக்காரர்களிடம், "என்ன பண்ணச் சொல்ற? சீட்டு மேல வாக்குக் குடுத்துத் தோத்துட்டேன்" என்று கையை விரித்தார். "கையில அஞ்ச வெச்சிக்கிட்டே தோத்தானாம்" என்று அவர்கள் ஊர் பூராவும் சொல்லிச் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே கல்யாணத்துக்கும் வந்தார்கள்.

அந்தச் சிரிப்பில் பெரும்பங்கு என்னுடையது. ஒவ்வொரு விசேஷத்திலும் இந்தக் கதையை நடித்துக் காட்டி நான் பேர் வாங்கியிருக்கிறேன். பார்வை இருந்தும் பார்க்கத் தெரியாத மனிதர் என்று என் கட்டுரை ஒன்றில்கூட அவரை எழுதினேன். அவர் படித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்றார்.

போன கிறிஸ்துமஸுக்கு முதுநகரில் அத்தை வீட்டில் எல்லோரும் கூடியிருந்தோம். பெரியப்பாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. காதில் மிஷின் வைத்தும் பாதிதான் கேட்கிறது. அத்தையின் பேத்திகள் கேட்டார்கள் என்று நான் எழுந்து நின்று மறுபடி ஆரம்பித்தேன். அவர் மூக்குக்கு நேராக ஐந்து விரலையும் விரித்து, அவருக்கும் கேட்கட்டும் என்று, தொண்டை கிழிய "அஞ்சு இருந்தா வரிச!" என்று கத்தினேன். பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள்.

பெரியப்பா என் கையைப் பிடித்து மெல்லக் கீழே இறக்கப் பார்த்தார்.

"ஏன் குட்டி இப்படிக் கத்துற? இப்பத்தான் எனக்குக் காது கேக்கல. அப்பல்லாம் நல்லாவே கேக்கும்."

கேக் வெட்டிக்கொண்டிருந்த அத்தையின் கத்தி பாதியில் நின்றது. நான் ஐந்து விரலையும் விரித்தபடியே நின்றுகொண்டிருந்தேன்.