கழுவிக் கவிழ்த்த தொட்டி

வெள்ளைக்கார ராஜாவின் தில்லிப் பட்டாபிஷேகத்துக்காக எங்கள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தோம். அதற்கு அடுத்த கோடை விடுமுறையில்தான் நானும் என் மனைவியும் கல் தோண்டும் காட்டுக்குப் போனோம். ஆழ்வார்குறிச்சியிலிருந்து தெற்கே கூண்டு வண்டியில் இரண்டு நாள் பயணம். செம்மண் காட்டில் குழி தோண்டிச் சிவப்புக் கல் எடுக்கிறார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். மூக்குத்திக்கு ஒரு கல் அங்கேயே பொறுக்க வேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள்.

வழி நெடுக எனக்கு எரிச்சல். ஆற்றங்கரையில் பிறந்தவன், குளித்துத் திருநீறு பூசாமல் ஒரு வாய் சோறு இறங்காது. நாங்குநேரி தாண்டிய பிறகு ஒரு குளத்திலும் தண்ணீர் இல்லை. இரண்டாம் நாள் உச்சி வேளை வரை பட்டினியாக உட்கார்ந்து, வண்டிக்காரரையும் மாடுகளையும் மாறி மாறித் திட்டிக்கொண்டு வந்தேன். அவர் என்னைவிட மூத்தவர். மாடுகளை ஓட்டிக்கொண்டே இருந்தார்.

அதை ஊர் என்று சொல்ல முடியாது. பத்துப் பதினைந்து ஓலைக் குடிசைகள், சுற்றிலும் எலி வளை போலக் குழிகள். ஆட்களெல்லாம் தூரத்துக் குழிகளில் இருந்தார்கள். முதல் குடிசையின் வாசலில், உடைமர நிழலில், பெரிய மரத்தொட்டி நிறையத் தெளிந்த தண்ணீர் இருந்தது. குடிசையில் ஆள் இல்லை. நான் துண்டைக் கட்டிக்கொண்டேன்.

"ஐயா, இது அவுக வேலைத் தொட்டி மாதிரி இருக்கு. ஒரு வார்த்தை கேட்டுக்கிடுவமே" என்றார் வண்டிக்காரர்.

"தொட்டித் தண்ணிக்கு யாரைப் போய்க் கேக்கச் சொல்லுதீரு?"

ஆசை தீரக் குளித்தேன். அடியில் செந்நிற வண்டல் கலங்கியது. அடுத்தவர் வீட்டுத் தொட்டியில் குளித்தால் கழுவிக் கவிழ்த்து வைப்பது எங்கள் பக்கத்து மரியாதை. "சேறெல்லாம் கொட்டிட்டுச் சுத்தமாக் கவுத்தி வையும்" என்றேன். அவர் தயங்கினார். நான் குரலை உயர்த்தினேன். பக்கத்தில் கைவிடப்பட்ட பழைய குழி ஒன்று இருந்தது. அதில் கொட்டினார்.

திருநீறு பூசிக்கொண்டு கட்டுச்சோற்றில் நான் கை வைத்தபோது ஒரு பெண் தலையில் குடத்தோடு வந்தாள். கவிழ்ந்திருந்த தொட்டியைப் பார்த்ததும் குடத்தை இறக்கிவிட்டு அலறினாள்.

"ஏ பாவி! எவன் கொட்டுனது? ஏழு நாளு கழுவுன மண்ணுல்லா! கல்லெல்லாம் அடியிலதான கெடந்துது. நாளைக்கு யாவாரி வருவாருல்லா, அவருக்கு என்னத்தக் காட்டுவேன்? புருஷன் காச்சல்ல கெடந்தப்போ நான் ஒத்தையாக் கழுவுனதுய்யா!"



"நாந்தான் தாயி கொட்டுனேன். தெரியாமப் போச்சு" என்றார் வண்டிக்காரர்.

அவர் கொட்டியது உண்மைதானே என்று அந்தக் கணமே என் மனம் எனக்காக வக்காலத்து வாங்கியது. மனைவி மெதுவாக, "நீங்கதான சொன்னிய? சொல்லுங்க" என்றாள். நான் இலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஊருக்கே நல்லது கெட்டது சொல்லிக்கொடுக்கும் வாத்தியார், காட்டில் ஒரு பெண்ணிடம் தலை குனிவதா என்பதுதான் என் கவலை. வெட்கங்கெட்ட கவலை.

வண்டிக்காரர் மாட்டுக் கயிறுகளை முடிந்து உடைமரத்தில் கட்டினார். "வேண்டாம்யா, பாழுங்குழி, சரிஞ்சிரும்" என்று அவளே தடுத்தாள். அவர் இறங்கிவிட்டார். ஒவ்வொரு கூடையாகச் சேறு மேலே வந்தது. அவளும் என் மனைவியும் இழுத்தார்கள். பொழுது சாயும்வரை நான் கரையில் நின்றேன். மண் சரியும் ஓசை கேட்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்தேன். கயிற்றில் மட்டும் கை வைக்கவில்லை.

சுமந்து வந்த குடிதண்ணீரில் அவள் அந்த மண்ணைக் கழுவினாள். கிடைத்த கல் ஒரு கைப்பிடியில் பாதி கூட இல்லை. கிடைக்காதது எவ்வளவு என்று அவளுக்குத்தான் தெரியும்.

வண்டிக்காரர் தலை முதல் கால்வரை சேறாக மேலே ஏறி வந்தார். பாவி என்று வைத அதே பெண், குடத்தில் மிஞ்சிய தண்ணீரை நீட்டி, "கழுவிக்கிடுங்க அண்ணாச்சி" என்றாள்.

"குடிக்க வச்சுக்கோ தாயி. நான் ஆத்துல போய்க் குளிச்சுக்கிடுதேன்."

மூக்குத்திக் கல்லைப் பற்றி என் மனைவி பேசவே இல்லை. திரும்பும் வழியில் இரண்டு நாளும் அவர் முதுகு என் கண்ணுக்கு முன்னால் இருந்தது. சேறு காய்ந்து, வெடித்து, செதில் செதிலாக உதிர்ந்தது. குளித்துச் சுத்தமாக நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். மன்னிப்புக் கேட்கும் சொற்களை எத்தனை முறை கூட்டி வைத்தேனோ, அத்தனை முறையும் விழுங்கினேன்.

தாமிரபரணிக் கரை வந்ததும் மாடுகளை அவிழ்த்தார். வழக்கம்போல ஒதுங்கி நின்று, "நீங்க மொதல்ல எறங்குங்க ஐயா" என்றார்.

நான்தான் முதலில் இறங்கினேன்.