கொண்டை ஊசி போட்ட பக்கங்கள்

தேங்காய் எண்ணெய் வாசனை வராத காதல் கதையை எனக்கு முழுதாக நம்பத் தோன்றுவதில்லை. நான் படித்துப் பழகிய மாத நாவல்களில் எல்லாம் அந்த வாசனை இருந்தது. சில பக்கங்களின் மேல் ஓரத்தில் எண்ணெய் ஊறி, பின்பக்கத்து எழுத்து முன்னால் தெரியும். அம்மாவின் கொண்டை ஊசிகள் செய்த வேலை அது.

காதல் கதை எழுதிக் கொஞ்சம் பெயர் வாங்கிய பெண்ணைப் பார்த்தால் எல்லோரும் கேட்பது, "நீங்க என்ன படிப்பீங்க?" என்றுதான். கனமான புத்தகம் எதையாவது சொல்லுவேன் என்று எதிர்பார்க்கிறார்கள். நான் படிப்பதும் காதல் கதைதான், அதுவும் சுபமாக முடிகிற காதல் கதை. கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டி, இருவரும் உயிரோடு இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டுதான் முதல் பக்கத்துக்கே வருவேன். துப்பறியும் கதையும் பிடிக்கும். அதில் சாக வேண்டியவர் ஆரம்பத்திலேயே செத்துத் தொலைவதால் மீதியை நிம்மதியாகப் படிக்கலாம். ராஜா ராணிக் காதலில் குதிரைகள் அதிகம், எனக்கு ஒத்துவராது. கதாநாயகி வேளாவேளைக்குச் சாப்பிட வேண்டும், கதாநாயகனுக்கு ரசமாவது வைக்கத் தெரிய வேண்டும். காதலர்களைக் கொன்றால்தான் இலக்கியம் என்பவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை. இந்த ருசி எனக்கு ஒரே ஒரு மழைக்காலத்தில் வந்தது.

அப்போது எனக்குப் பதினொரு வயது. புனேயில், தாபோடியில் குடியிருந்தோம். வேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த அப்பா போசரியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். பள்ளியில் மராத்தி, கடைத்தெருவில் இந்தி. மளிகைக் கடை என்பதே எங்கள் வாயில் 'கிரானா', பழைய பேப்பர் 'ரத்தி'. எனக்குத் தமிழ் எழுத்து என்றால் மாத நாவல் மட்டும்தான். ஊருக்குப் போய்த் திரும்புகிற குடும்பம் எதுவானாலும், ரயிலில் படித்த நாவல்களைக் கொண்டுவந்து எங்கள் தெருவின் தமிழ் வீடுகளுக்குள் 'சுத்துக்கு' விட வேண்டும் என்பது வழக்கம். எங்களிடம் வரும்போது பல புத்தகங்களுக்கு அட்டையே இருக்காது.

மழை பிடித்துக்கொண்ட வாரத்தில் தொழிற்சாலையில் இரும்புச் சட்டம் ஒன்று அப்பாவின் மேல் சரிந்து விழுந்தது. இடுப்பிலும் காலிலும் பலத்த அடி. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். குழந்தைகளை உள்ளே விடமாட்டார்கள் என்பதால், அம்மா காலையில் என்னைப் பக்கத்து வீட்டு சரோஜா அத்தையிடம் விட்டுவிட்டுக் கேரியரோடு பஸ் ஏறினால் சாயங்காலம்தான் திரும்புவாள். எனக்குத் துணைக்கு ஒரு நாவல் தந்துவிட்டுப் போவாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அதை அவள் முதலில் படித்து முடித்திருப்பாள். நான் படிக்க வேண்டாம் என்று தோன்றிய பக்கங்களைச் சேர்த்துப் பிடித்துத் தன் கொண்டை ஊசியை மாட்டியிருப்பாள்.

"ஊசி போட்ட எடத்த பிரிக்கக் கூடாது. பிரிச்சன்னு தெரிஞ்சுது, அப்புறம் புக்கே கெடையாது, சொல்லிட்டேன்" என்பாள்.

"அது ஒரு மாதிரி பக்கமா இருக்கும்டி, பொம்பளப் புள்ளைக்கு வேணாம்" என்று சரோஜா அத்தை எனக்கு விளக்கம் சொன்னாள்.

எனக்கோ ஒரே குழப்பம். கதாநாயகன் கதாநாயகியைக் கட்டிக்கொள்கிற பக்கங்கள் ஊசி இல்லாமல் திறந்துதான் கிடந்தன, முத்தம்கூட இருந்தது. இதையே விட்டுவைத்திருக்கிறாள் என்றால் ஊசிக்குள் இருப்பது எப்பேர்ப்பட்டதாக இருக்கும் என்று நினைத்து நினைத்துக் காது சூடாகும். ஆனாலும் பிரிக்கவில்லை. புத்தகமும் நின்றுவிட்டால் பகல் முழுக்க அப்பாவைப் பற்றியே நினைத்துக்கொண்டிருக்க வேண்டும், அது எனக்குப் பயமாக இருந்தது. அதனால் மூடிய பக்கங்களுக்கு நானே கதை கட்டினேன். சண்டை போட்டவர்களைச் சமாதானமாக்கி, கல்யாணம் செய்துவைத்து, மகாபலேஷ்வருக்குத் தேனிலவு அனுப்பிவைத்தேன். சில கதைகளில் ஊசிக்கு அப்புறம் கதாநாயகனின் அப்பா வரவே மாட்டார்; வேலையாக வெளியூர் போயிருப்பார் என்று முடிவு செய்துகொண்டேன். என் தொழில் அங்கேதான் தொடங்கியது.

கணபதி பண்டிகை வருவதற்குள் அப்பாவை வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்று காலை அம்மா தலைக்குக் குளித்து, அதுவரை ஏனோதானோவென்று முடிந்து வைத்திருந்த கூந்தலைச் சீவிக் கொண்டை போட்டாள். டப்பாவில் ஊசி இல்லை, எல்லாம் புத்தகங்களில் இருந்தன. ஒவ்வொன்றாக உருவித் தலையில் செருகிக்கொண்டு, "இனிமே படிச்சிக்கோ" என்று சொல்லிவிட்டு அப்பாவை அழைத்துவரக் கிளம்பிப்போனாள்.

நான் ஆசையாக எடுத்துப் பிரித்தேன். ஒன்றில் கதாநாயகனின் அப்பா ஆஸ்பத்திரியில் இறந்துபோகிறார். இன்னொன்றில் விபத்து, டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தலையைக் குனிந்துகொள்கிறார். அம்மா மூடிவைத்த பக்கங்களில் எல்லாம் யாரோ செத்துக்கொண்டிருந்தார்கள். அத்தனையையும் அவள் அந்த வராந்தாவில் தனியாக உட்கார்ந்து படித்திருக்கிறாள் என்பது உறைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. தடியூன்றி உள்ளே நுழைந்த அப்பா, "இன்னாடி, அதான் வந்துட்டனே" என்றார்.

அந்தத் தடியோடு அவர் இன்னும் பல வருடங்கள் நடந்தார். போன வருடம் வயசாகிப் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு நான் எழுதிய நாவலில், என் வழக்கத்துக்கு மாறாக ஓர் ஆஸ்பத்திரி அத்தியாயம் வந்துவிட்டது. காதலர்கள் சேர்ந்துவிடுகிறார்கள், அதில் மாற்றமில்லை. கதாநாயகியின் அப்பாதான் பிழைக்கவில்லை. புத்தகம் அச்சாகி வந்ததும் அதை அம்மாவிடம் எப்படிக் கொடுப்பது என்று தெரியாமல் தவித்தேன். என் எழுத்தை முதலில் படிப்பவள் அவள். கடைசியில் கொண்டை ஊசி வாங்கக் கிளம்பினேன். கடைகளில் கிளிப்பும் ரப்பர் பேண்டும்தான் தொங்குகின்றன. ஏறி இறங்கி ஒரு பாக்கெட் வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. மாத நாவல் சுற்றிவந்த வீடுகளின் பேரப்பிள்ளைகள் இப்போது தமிழில் பேசுவதோடு சரி. அம்மாவுக்கும் கொண்டை இல்லை. முடி கொட்டியதால் கழுத்தளவுக்கு வெட்டிவிட்டோம்.

ஊசி மாட்டிய புத்தகத்தை வாங்கிய அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதல் வேலையாக ஊசியை உருவினாள். அந்த அத்தியாயத்தை மட்டும் படித்தாள், திரும்பவும் ஒருதரம் படித்தாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்க. ஆனா உங்கப்பா இப்பிடி வாய மூடிக்கினா படுத்திருந்தாரு? கடைசி வரைக்கும் என்னிய கிண்டல் பண்ணிக்கினே இல்ல இருந்தாரு. அடுத்த தடவ அச்சடிக்கச் சொல்ல அத சேத்துப் போடு" என்று சொல்லிவிட்டு, ஊசியை என் கொண்டையில் செருகினாள்.