கொத்தவரை மாவில் ஒரு மாவட்டம்

ஜெர்மனியில் பத்தொன்பது வருடம் இருந்துவிட்டு நான் லண்டனுக்கு வந்தது, தமிழ்ச் சனம் நிறைய இருக்கிற இடத்தில் இருக்கலாம் என்றுதான். மனைவியும் மகளும் ஜெர்மனியிலேயே நின்றுவிட்டார்கள். மகளின் படிப்பு முடியட்டும், பிறகு வருகிறோம் என்றார்கள். படிப்பு முடிந்தது. மகளுக்கு அங்கேயே வேலையும் கிடைத்தது. அவர்கள் வரவில்லை. வருவதைப் பற்றி நாங்கள் மூவரும் பேசுவதையும் விட்டுவிட்டோம்.

லண்டனின் கிழக்குப் பக்கம், குட்மேய்ஸில் ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்தின் வீட்டில் எனக்கு மாடி அறை. கீழே பிள்ளைகள் ஆங்கிலத்தில் சண்டை பிடிப்பது கேட்கும். வீட்டுக்காரி படியில் கண்டால் சாப்பிட்டாச்சோ என்று கேட்பா. ஓம் என்பேன். வேலையில்லாத நாட்களில் நான் வாய் திறந்து சொல்கிற ஒரே சொல் அதுவாகத்தான் இருக்கும்.

வேலை பக்கத்தில் பார்க்கிங் என்கிற ஊரில், ஒரு சோஸ் தொழிற்சாலையில். கலவைப் பகுதியில் நிற்பேன். காகித மூட்டையில் வருகிற வெளிர்மஞ்சள் மாவு ஒன்றைச் சுழலும் தண்ணீரில் தூவுவது என் வேலை. சோஸ் தடிப்பாக வருவது அந்த மாவால்தான். மெல்ல மெல்லத் தூவ வேண்டும். அவசரப்பட்டுக் கொட்டினால் வெளியே நனைந்தும் உள்ளே காய்ந்தும் கட்டி கட்டியாகத் திரண்டுவிடும். பிறகு முழுத் தொட்டியையும் கீழே ஊற்ற வேண்டியதுதான். இரண்டு வருடமாகத் தூவியும் அது எதன் மாவு, எங்கிருந்து வருகிறது என்று நான் யாரிடமும் கேட்டதில்லை.

என்னோடு நிற்க ஒரு புது ஆளை விட்டார்கள். ஐம்பது வயது இருக்கும். ஒல்லியான ஆள், நீளமான கைகள். வட இந்தியர் என்பது மட்டும் தெரிந்தது. அவருடைய ஆங்கிலமும் அரைகுறை, என்னுடையதில் பாதி ஜெர்மன். மூன்று கிழமை நாங்கள் தலையாட்டலோடு காலத்தை ஓட்டினோம். அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. யாராவது கை கழுவிவிட்டுக் குழாயைச் சரியாக மூடாமல் போனால், எங்கே நின்றாலும் நடந்து வந்து இறுக்கி மூடிவிட்டுப் போவார்.

ஒரு நாள் புது மூட்டை ஒன்றை வெட்டிய உடனே அவர் அப்படியே நின்றுவிட்டார். குனிந்து மணந்து பார்த்தார். பிறகு மூட்டையைத் திருப்பி, அதில் சின்ன எழுத்தில் அச்சிட்டிருந்த ஊர்ப் பெயரில் விரலை வைத்து, தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். ராஜஸ்தானின் மேற்கு ஓரத்தில், பாகிஸ்தான் எல்லையோடு கிடக்கிற பாலைவன மாவட்டம் அது. அவர் பிறந்த இடம். நான் இரண்டு வருடம் தூவியது அவருடைய ஊர் வயலில் விளைந்த கொத்தவரை விதையின் மாவு.

அன்றைக்கு இயந்திரம் ஒன்று பழுதாகி, எங்களுக்குச் சும்மா நிற்க அரை மணித்தியாலம் கிடைத்தது. அவர் ஒரு கை மாவை எடுத்து எஃகு மேசையில் பரவி, கையுறை விரலால் கீறத் தொடங்கினார். மேற்கே ஒரு கோடு, அது எல்லை. அதற்கு இந்தப் பக்கம் வளைவு வளைவாக மணல்மேடுகள். காற்றுக் காலம் வந்தால் அவை இடம் மாறும் என்று உள்ளங்கையால் தள்ளிக் காட்டினார். தெற்கே ஒரு ஆறு. மழை பெய்த வருடம் மட்டும் ஓடும், அதுவும் போகப் போக உப்பாகிவிடும். ஒரு பள்ளத்தில் உப்பு வெட்டுகிறார்கள், இன்னோரிடத்தில் எண்ணெய் எடுக்கிறார்கள், மேட்டு நிலத்தில் காற்றாலைக் கம்பங்கள். ஒரு மரத்தைப் பற்றி நிறையச் சொன்னார். இலை ஆட்டுக்கு, காய் கறிக்கு, நிழல் மனிதருக்கு. அதன் முள்ளையும் இலையையும் அவர் கீறிக் காட்டியபோதுதான் அது எங்கள் வன்னி மரம் என்று விளங்கியது.

விவசாயம் ஒரே ஒரு மழைக்குத்தான். ஆடியை ஒட்டி மழை விழுந்தால் கம்பு, பயறு, கொத்தவரை. விழாவிட்டால் ஆண்கள் செம்மறி ஆடுகளை ஓட்டிக்கொண்டு கிழக்கே போய்விடுவார்கள், மாதக்கணக்கில். ஒரு வருடம் கொத்தவரைக்கு எங்கும் இல்லாத விலை வந்ததாம். அமெரிக்காவில் பாறைக்குள்ளிருந்து எண்ணெய் எடுப்பவர்களுக்கு இந்த மாவு தேவைப்பட்டதாம். ஊரே கொத்தவரை போட்டது. அடுத்தடுத்த வருடங்களில் விலை விழுந்தது, மழையும் ஏமாற்றியது. அவர் தோண்டிய ஆழ்துளைக் கிணற்றில் உப்புத் தண்ணீர்தான் வந்தது. தன் வீட்டைக் கீற அவர் விரலை வைத்த நேரம் சூப்பவைசர் உள்ளே வந்தான்.

சூப்பவைசர் நம்மவன், முப்பது வயதுக்காரன். சாப்பாட்டுப் பொருளைக் கொட்டி மேசையில் விளையாடுவது அங்கே பெரிய குற்றம். அவன் என்னிடம்தான் கேட்டான், தமிழில்.

"அண்ணை, ஆர் இதைக் கீறினது?"

"தெரியாது தம்பி. நான் தொட்டிப் பக்கம் நிண்டனான்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பயப்படும்படி ஒன்றும் இருக்கவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் நான் இல்லையென்று தலையை ஆட்டியதைப் பார்த்தார். துணியை எடுத்து மேசையைத் துடைத்தார். மணல்மேடு, ஆறு, மரம் எல்லாம் ஒரே இழுப்பில் போயின.

அடுத்த திங்கள் அவரைக் குளிர்க்கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். பெரிய நீலக் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு போவார். கண்ணாடிக் கதவு வழியாக அவருடைய வாயிலிருந்து புகை வருவது தெரியும். கன்டீனில் அவர் இருக்கிற பக்கம் நான் போகாமல் விட்டேன். அவர் என்னைக் கண்டால் முன்பு போலவே தலையாட்டினார். அது எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது. என் பகுதிக்கு வேறு ஆள் போடவில்லை. நான் தனியே மாவைத் தூவினேன். பின்னேரம் பஸ்ஸில் வந்து, அறையில் சோற்றை வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தப் பனிக்காலம் அப்படியே போனது.

மாசி மாதம் ஒரு நாள், வேலை முடிந்து கோட்டை மாட்டும்போது, சூப்பவைசரிடம் உண்மையைச் சொன்னேன். அவன் ஆச்சரியப்படவில்லை.

"அண்டைக்கே எனக்குத் தெரியும், அண்ணை. ரெண்டு பேர்தானே நிண்டனியள். நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா, ஏசிப்போட்டு விட்டிருப்பன். ஒருத்தரும் வாய் திறக்காட்டி நான் ஆரையெண்டாலும் மாத்தத்தானே வேணும்."

இப்போது திருப்பி மாற்ற ஏலுமோ என்று கேட்டேன். அங்கே ஆள் குறைவு, இப்ப ஏலாது என்றான்.

அந்த ஞாயிறு மத்தியானம் அவருடைய இடத்தைத் தேடிப் போனேன். பார்க்கிங் ஸ்டேஷனுக்குப் பின்னால், ஒரு கடைக்கு மேலே, நான்கு பேர் இருக்கிற அறை. மற்றவர்கள் வேலைக்குப் போயிருந்தார்கள். அவர் கம்பு ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கட்டிலில் கிடந்த உடுப்புகளை ஒதுக்கி இடம் தந்தார். நான் வழி முழுக்கச் சேர்த்து வைத்த ஆங்கிலத்தில் சொன்னேன்: அன்றைக்கு நான் பொய் சொன்னேன், உங்களோடு நின்று பார்த்துவிட்டு நிற்கவில்லை என்று சொன்னேன், மன்னிக்க வேண்டும்.

அவர் ரொட்டியைத் திருப்பிப் போட்டார். பரவாயில்லை என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. அடுத்த ரொட்டியைக் கல்லில் போட்டுவிட்டு, குளிர்க்கிடங்கில் முதல் கிழமை விரல் நுனிகள் விறைத்து ரொட்டியைப் பிய்க்க ஏலாமல் இருந்தது என்று மட்டும் சொன்னார். அதைக் கோபமாகச் சொல்லவில்லை. நான் கேட்க வேண்டும் என்பதற்காகச் சொன்னார். பிறகு எனக்கும் ஒரு தட்டு வைத்தார். வன்னிக் காயை வற்றலாக்கி எண்ணெயில் வதக்கிய கறி. புளிப்பும் உறைப்புமாக இருந்தது.

சாப்பிட்ட பின் மனைவியோடு வீடியோவில் பேசினார். அந்த அம்மா கைபேசியைக் கையில் பிடித்தபடி முற்றத்தில் நடந்து காட்டினா. அங்கே வெயில் சாயும் நேரம். வட்டமான இரண்டு மண்வீடுகள், நான்கு ஆடுகள், நிலத்துக்குள் கட்டிய மழைநீர்த் தொட்டி. தொட்டியின் மூடிக்கு ஒரு பெரிய பூட்டு. பக்கத்து வீடு எங்கே என்று கேட்டேன். அவர் சொல்ல, அந்த அம்மா கைபேசியைத் திருப்பினா. மணல்தான் தெரிந்தது. உற்றுப் பார்த்தால் தூரத்தில் ஒரு மரம், அதற்குக் கீழே ஒரு புள்ளி. அதுதான் பக்கத்து வீடு.

பிறகு அந்த அம்மா என்னைப் பார்த்து ஏதோ கேட்டா. அவர் சுருக்கமாகப் பதில் சொன்னார். என்ன சொன்னீர்கள் என்று பஸ் தரிப்புவரை என்னோடு நடந்து வந்தபோது கேட்டேன். முன்பு என்னோடு வேலை செய்தவர் என்று சொன்னேன் என்றார். அதில் பிழை இல்லை. ஆனாலும் குட்மேய்ஸ் வரும்வரை அது எனக்குள் உறுத்திக்கொண்டிருந்தது.

அதன் பிறகு இரண்டு மூன்று ஞாயிறு போனேன். பெரிதாகப் பேச்சில்லை. ரொட்டி தட்டப் பழக்கினார். என்னுடையவை ஓரத்தில் வெடித்துப் போகும்.

கோடையில், ஆடி பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால், ஊரில் மழை விழுந்துவிட்டது என்று செய்தி வந்தது. மூன்று வருடத்துக்குப் பிறகு நல்ல மழை. ஈரம் காய்வதற்குள் விதைக்க வேண்டும், பத்து நாள்கூட இல்லை. மகன் சின்னவன், மனைவி தனியே. வேலையை விட்டுவிட்டுப் போகப்போகிறேன் என்று கன்டீனில் வந்து சொன்னார். கொத்தவரையோ என்று கேட்டேன். இல்லை, இந்த முறை கம்பு, வீட்டில் சாப்பிட என்றார். இரண்டு நாளில் போய்விட்டார். நான் ஷிப்ட்டில் நின்றதால் வழியனுப்பப் போகக் கிடைக்கவில்லை. குளிர்க்கிடங்குக் கோட்டை மடித்துக் கொடுத்துவிட்டுப் போனதாகச் சூப்பவைசர் சொன்னான்.

ஒரு மாதம் கழித்து, ஞாயிறு மத்தியானம் செய்ய ஒன்றும் இல்லாமல், அவருடைய ஊர்த் தொலைபேசி இலக்கத்துக்கு அழைப்பு எடுத்தேன். அந்த அம்மாதான் எடுத்தா. நான் ஆங்கிலத்தில் சொன்னது அவவுக்கு விளங்கவில்லை, அவ சொன்னது எனக்கு விளங்கவில்லை. ஆனால் வைத்துவிடவில்லை. நீளமாக ஏதோ சொன்னா; பின்னால் ஆட்டு மணியும் காற்றும் கேட்டன. அவ நிறுத்தியதும் நான் தமிழிலேயே சொன்னேன்: நான் சுகமாக இருக்கிறேன், இங்கேயும் வெயில்தான், சாப்பிட்டுவிட்டேன். அவ ஒவ்வொன்றுக்கும் ம் என்றா. அவர் வயலில் நின்றிருப்பார்.