மூலை உடைந்த ஷீட்

போன வாரம் அடித்த காற்றில் எங்கள் வேப்பமரத்தின் கிளை முறிந்து முன்கொட்டகைக் கூரைமேல் விழுந்தது. அடியில் உட்கார்ந்து என் மகள் கணக்குப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். கூரை ஃபைபர் ஷீட். கண்ணாடி இழைகளைப் பிசினில் தோய்த்து அழுத்திச் செய்வது, லேசில் நொறுங்காது என்று கள்ளக்குறிச்சிக் கடைக்காரர் சொல்லித்தான் வாங்கினோம். கிளை விழுந்த இடம் கிண்ணம்போலக் குழிந்து, ஒரு கீறல் விட்டு, உள்ளேயிருந்த இழைகள் நரைமுடிபோல வெளியே தெரிந்தன. ஆனால் ஒரு சில்லுகூடக் கீழே விழவில்லை. "இன்னாம்மா சத்தம்?" என்று கேட்டுவிட்டு மகள் மறுபடி எழுதத் தொடங்கினாள். ஒன்றும் ஆகவில்லை. நான்தான் அன்றிலிருந்து அவளை அங்கே உட்கார விடுவதில்லை.

எனக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது, கச்சிராயபாளையத்துப் பக்கம் இருந்த எங்கள் வீட்டுக் கொட்டகைக்கு அப்பா ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்டார். அதுவரை கரும்புத்தோகைக் கூரைதான். இனி தீப்பிடிக்காது என்று ஊரே வந்து மெச்சிவிட்டுப் போனது. அதன் தூசி நெஞ்சுக்கு ஆகாது என்று அப்போது யாரும் சொல்லவில்லை. உடைந்த சில்லை வைத்துத்தான் நாங்கள் பாண்டி ஆடினோம்.

அந்த வருடப் போகிக்கு அம்மாவின் தம்பி உளுந்தூர்பேட்டையிலிருந்து வந்திருந்தார். பழைய பாய் எரிந்துகொண்டிருந்த நெருப்பில் மாமா ஒரு ஷீட்டுத் துண்டைப் போட்டுவிட்டு எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார். சற்று நேரத்தில் அது டமார் என்று வெடித்தது.

"பட்டாசு இன்னாத்துக்கு? வூட்டுலியே இருக்குது பாரு!"

"டேய், கொயந்தைங்களுக்கு நல்லதா எதுவுமே கத்துக்குடுக்க மாட்டியாடா?" என்றாள் அம்மா, சிரித்துக்கொண்டே.

கிடந்த துண்டுகள் தீர்ந்துபோயின. நான் ஆட்டுக்கல்மேல் ஏறி, கூரையின் தாழ்ந்த மூலையைக் கருங்கல்லால் தட்டினேன். கையகலத் துண்டு ஒன்று வந்தது. அருமையாக வெடித்தது. அந்த மூலையிலிருந்து ஒரு விரிசல் உள்நோக்கி ஓடியதைக் கூரைமேல் படர்ந்திருந்த பரங்கிக்கொடியின் இலைகள் மறைத்துவிட்டன.

மறுநாள் பொங்கலுக்குக் கூரைமேல் காய்த்திருந்த பரங்கிக்காயைப் பறிக்க மாமா ஏணி வைத்தார்.

"கெட்டியா புடிச்சிக்கோ பாப்பா."

"வுழுந்துடப் போறீங்க மாமா."

"போடி, யானை ஏறுனாலும் தாங்கும்டி இது."

மூலையைப் பற்றிச் சொல்லாமல் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். மாமா காயைப் பறித்துக்கொண்டு திரும்பி இரண்டடி வைத்திருப்பார். படாரென்று ஒரு சத்தம். மாமாவின் இடுப்புக்கு மேற்பட்ட பாதி கூரையின்மேல் நின்றது; கால்கள் கீழே கொட்டகைக்குள் ஆடின. உடைந்த துண்டுகளெல்லாம் அடியில் கட்டியிருந்த தூளிக்குள் போய் விழுந்தன. தம்பிப் பாப்பாவின் தூளி அது. அவனைக் குளிப்பாட்ட அம்மா அப்போதுதான் பின்பக்கம் தூக்கிக்கொண்டு போயிருந்தாள்.

மாடு கழுவிக்கொண்டிருந்த அப்பா ஓடிவந்தார். கனத்துத் தொங்கிய தூளியைப் பார்த்தார். இரண்டு கைகளாலும் துண்டுகளை வாரி வாரி வெளியே போட்டார். விரல்களில் ரத்தம் வந்தது. மறுபடி தூளிக்குள் கைவிட்டுத் துழாவினார்.

"மாமா, என்ன எறக்கி வுடுங்க!" என்று என் மாமா காயும் கையுமாக மேலேயிருந்து கத்தினார். அப்பா நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

துண்டுகளை ஒட்டவைக்கத்தான் பொறுக்குகிறார் என்று நான் நினைத்தேன். எல்லாவற்றையும் பொருத்திப் பார்த்தால் மூலைத் துண்டு மட்டும் குறையுமே என்று ஏணிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

ஈரத்தலைத் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு அம்மா வந்தாள். "இன்னாங்க இது, இடி வுழுந்தாப்ல?"

அப்பா திரும்பினார். தம்பியைப் பார்த்தார். சில்லுகளின் மேலேயே பொத்தென்று உட்கார்ந்தார். அப்புறம் தோள் குலுங்க அழுதார். அவர் அழுது நான் அதற்குமுன் பார்த்ததே இல்லை.

பக்கத்தில் போய் அவர் தோளைத் தொட்டேன்.

"அழுவாதீங்கப்பா. வேற ஷீட்டு வாங்கிக்கலாம்."

இவ்வளவு பெரிய மனிதர் ஒரு ஷீட்டுக்குப் போய் இப்படி அழுகிறாரே என்று எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது.