பட்டியலில் மிச்சம் வைத்தவை

சொன்னது தெளிவாகக் காதில் விழுந்தும், என் கை ஏன் தலைகீழாகச் செய்தது?

கணவர் துபாயில் இருக்கிறார். மகளை இன்னும் நேரில் பார்த்ததில்லை. அவருக்காக எடுத்த வீடியோக்களால் குலசேகரம் வீட்டிலுள்ள லேப்டாப் நிரம்பிவிட்டது. மங்கலான வீடியோக்களை அழிக்க, கோப்புகளின் பெயரைக் காட்டும் கட்டளையைத் தந்து, வந்த வரிகளை அப்படியே எழுத்துகளைத் திருத்தும் எடிட்டரில் எடுத்தேன்.

போனில் அவர், "ஏட்டி, அழிக்க வேண்டியத மட்டும் விட்டுட்டு மத்த வரியள வெட்டிரு. பெறவு அந்த லிஸ்ட்ட வச்சு மொத்தமா அழிச்சிரலாம்" என்றார்.

மடியில் குழந்தை அழுதாள். நான் மங்கலானவற்றின் வரிகளையே வெட்டினேன். நல்லவை பட்டியலில் நின்றன. பட்டியலில் உள்ளதை அழிக்கும் கட்டளையைத் தந்து என்டரை அழுத்தினேன். நல்லவை எல்லாம் போய்விட்டன. லேப்டாப்பின் குப்பைத்தொட்டியில்கூட எதுவும் இல்லை.

"முடிஞ்சா? பிள்ள தவழ்ந்தத அனுப்பு, நான் பாக்கட்டும்."

"நெட்டு கெடைக்கல்ல" என்றேன்.

தினமும் கேட்கிறார். இன்றே சொல்லிவிடவா, கிறிஸ்துமஸுக்கு வந்து அவளைத் தூக்கியபின் சொல்லவா? தாய்மார்களே, நீங்கள் என்ன செய்வீர்கள்?