ஏழில் வளராதது

செங்கொடியிடம் அவள் பிறந்து வளர்ந்த கொருக்குப்பேட்டையைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகப் பேசிப் பாருங்கள், கிழித்துத் தொங்கவிட்டுவிடுவாள். எங்கள் கல்லூரியில் பாக்டீரியா ஆராய்ச்சிக்குச் சேர்ந்த முதல் நாளே, அவள் விலாசத்தைக் கேட்டு மூக்கைச் சுளித்த ஒருத்தி அவளிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். நான் மெர்லின், ஆய்வக உதவியாளர். அன்றைக்கே எனக்குச் செங்கொடியைப் பிடித்துவிட்டது.

அவள் வீட்டுக்குப் பின்னால், மூடிப்போன சோப்புக் கம்பெனியின் சோடாக் காரத் தொட்டியிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிடித்து வந்திருந்தாள். "இது புது இனம்க்கா" என்று மூன்று வருடமாக ஒற்றைக் காலில் நின்றாள். ஜீன் சோதனையோ அதை ஒரு பழைய இனத்துக்கு மிகவும் நெருக்கமாகக் காட்டியது. குணத்தில் தெளிவான வித்தியாசம் இருந்தால்தான் தனிப் பெயர் என்று ஆய்விதழ்க்காரர்கள் கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்குள் தொட்டியையும் இடித்துவிட்டார்கள். மிஞ்சியது உறைபெட்டியில் இரண்டு குப்பிகள்.

ஒன்றைத் திறந்து, இரண்டு இனங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வளர்த்தாள். அவை வளர்வதற்கான கூழைக் காய்ச்சித் தட்டுகளில் ஊற்றியது நான். மூன்றாம் நாள் பழைய இனம் கொழுகொழுவென்று வளர்ந்திருந்தது. அவளுடையதில் ஒரு புள்ளி இல்லை.

அவள் கொடுத்த சீட்டை எடுத்துப் பார்த்தேன். அவள் எழுதிக்கொடுத்த கார அளவு, அதாவது பி.எச்., பத்து. இருபது வருடமாக எல்லோருக்கும் ஏழில், அதாவது குடிதண்ணீர் அளவில், ஊற்றிப் பழகிய கை என்னுடையது. மீட்டர் பத்து காட்டியதும், ஏதோ கெட்டுப்போச்சு என்று அமிலம் சொட்டி ஏழுக்கு இறக்கியிருக்கிறேன்!

"பாவி, கொன்னுட்டேன்மா" என்று அழுதேவிட்டேன்.

அவள் தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "இன்னாக்கா, அழுதுகினு கீற? ஏழுல அது வளருது, நம்மளுது வளரல. இத்தத்தான கேட்டானுங்கோ!"

ஆனால் அது செத்துப்போய் வளராமல் இல்லை, ஏழுதான் ஆகவில்லை என்று காட்டவேண்டுமே; கடைசிக் குப்பியையும் திறந்தாள். இந்த முறை வேண்டுமென்றே ஏழிலும் பத்திலும் ஊற்றினோம். மீட்டரை நான் மூன்று தடவை பார்த்தேன். இரண்டாம் நாள் காலை பத்தில் ஊற்றிய தட்டெல்லாம் மஞ்சள் புள்ளிகள். ஏழு மொட்டை.

கட்டுரை ஏற்கப்பட்டதும், புது இனத்துக்குக் கல்லூரிப் பெயரையே வைக்கலாமே என்றார் பேராசிரியர்.

"அது பொழச்சது எங்க பேட்டைல சார்" என்றாள்.

லத்தீன் பெயர் கொருக்குப்பேட்டென்சிஸ் என்று முடிகிறது. இனி அதைப் பற்றி உலகத்தில் எவன் எழுதினாலும் கொருக்குப்பேட்டை என்று எழுதியே தீரவேண்டும். மூக்கைச் சுளித்துக்கொண்டாவது எழுதட்டும்.